ஆய்வகத்தில் வளர்த்த தோல் இருக்க, பன்றிக்காது எதற்கு?

மருந்தாக்கவியலில் முதுகலை பயிலும் ஒருவர் கேட்ட கேள்விக்கான பதில் இது. தோலில் பூசும் களிம்பும் ஜெல்லும் எவ்வளவு உள்ளே போகின்றன என்பதை ஆய்வகத்தில் எதைக் கொண்டு அளக்கிறார்கள் என்று அவர் கேட்டார். மனிதச் செல்களிலிருந்தே தோலை வளர்க்கும் நுட்பம் வந்துவிட்ட பிறகும், பன்றியின் காதையும் அறுவை சிகிச்சையில் நீக்கிய தோலையும் ஆய்வாளர்கள் ஏன் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவருடைய உண்மையான ஐயம். டைக்ளோஃபெனாக் என்னும் வலிநீக்கி மருந்தைக் கொண்டு தாம் தயாரித்த இரண்டு ஜெல்களை ஒப்பிட எதைத் தேர்வது என்பதும் அதில் அடக்கம்.

பழைய பழக்கத்தை விட முடியாமல் ஆய்வாளர்கள் அப்படிச் செய்யவில்லை. மருந்தை உள்ளே விடாமல் தடுப்பது தோலின் உயிருள்ள பகுதி அல்ல. அதன் மேல் படிந்திருக்கும் இறந்த பகுதி. ஸ்ட்ராட்டம் கார்னியம் எனப்படும் அந்த மேற்படையின் தடிமன், உள்ளங்கை, உள்ளங்கால் போன்ற இடங்களை விட்டுவிட்டால், பெரும்பாலும் 10 முதல் 20 மைக்ரோமீட்டர்தான். கெரட்டின் நிறைந்த தட்டையான இறந்த செல்கள் செங்கற்களாகவும், செராமைடு, கொலஸ்ட்ரால், தனிக் கொழுப்பு அமிலங்கள் மூன்றும் சேர்ந்த கொழுப்புக் கலவை இடையில் பூசிய சாந்தாகவும் அமைந்த சுவர் என்று இதைச் சொல்வது வழக்கம். மருந்து மூலக்கூறு பெரும்பாலும் அந்தச் சாந்தின் வழியாகவே வளைந்து வளைந்து செல்ல வேண்டியிருக்கிறது. உயிரற்ற சுவர் என்பதால், முறையாக உறைய வைத்து எடுத்த தோல்கூடத் தன் தடுப்பாற்றலைப் பெருமளவு காத்துக்கொள்கிறது. செல்கள் துடிப்போடு வாழும் வளர்ப்புத் தோலுக்கோ அந்தச் சுவரை ஒழுங்காக எழுப்பத்தான் இன்னும் முழுமையாகக் கைவரவில்லை.

சுவரைக் கடக்கும் வேகம் எதைப் பொறுத்தது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம். எந்த மாதிரியில் எந்த மருந்து ஏமாற்றும் என்பதற்கான விடை இங்கேதான் இருக்கிறது. 1855இல் ஃபிக் வகுத்த பரவல் விதிதான் அடிப்படை. செறிவு வேறுபாடு கூடினால் கடக்கும் அளவு கூடும். தடிமன் கூடினால் குறையும். 1992இல் பாட்ஸ், கை என்னும் ஆய்வாளர்கள் இருவரும், முன்பே தொகுக்கப்பட்டிருந்த மனிதத் தோல் தரவுகளைக் கொண்டு, மூலக்கூறு எடையும் கொழுப்பு நாட்டமும் தெரிந்தால் ஊடுருவல் கெழுவை, அதாவது ஒரு பொருள் தோலை எவ்வளவு எளிதாகக் கடக்கும் என்பதைக் காட்டும் எண்ணைக் கணிக்கலாம் என்று ஒரு சமன்பாட்டைத் தந்தார்கள். காஃபீனின் மூலக்கூறு எடை 194, டெஸ்டோஸ்டீரோனுடையது 288. எடையை மட்டும் பார்த்தால் காஃபீன்தான் முந்த வேண்டும். ஆனால் டெஸ்டோஸ்டீரோன் கொழுப்பை நாடும் பொருள் என்பதால், இச்சமன்பாட்டின்படி அதன் ஊடுருவல் கெழு காஃபீனுடையதைப் போல ஏறத்தாழ 70 மடங்கு வருகிறது. இதோடு நிறுத்திக்கொண்டால் தவறான முடிவுக்குப் போய்விடுவோம். ஒரு மணி நேரத்தில் ஒரு சதுர சென்டிமீட்டரைக் கடக்கும் அளவு என்பது அந்தக் கெழுவைக் கரைசலின் செறிவால் பெருக்கிக் கிடைப்பது. 25 டிகிரி செல்சியஸில் ஒரு மில்லிலிட்டர் நீரில் காஃபீன் 20 மில்லிகிராமுக்கு மேல் கரையும், டெஸ்டோஸ்டீரோன் 0.025 மில்லிகிராம்கூடக் கரையாது. இரண்டின் நிறைவுற்ற நீர்க்கரைசல்களையும் தோலின்மேல் வைத்தால், கெழு குறைந்த காஃபீன்தான் பத்து மடங்குக்கும் அதிகமாக உள்ளே போகும் என்று கணக்கு சொல்கிறது. எனவே 'இந்த மருந்து தோலை எளிதில் கடக்கும்' என்று யாராவது பொதுவாகச் சொன்னால், எந்தக் கரைப்பானிலிருந்து, எவ்வளவு செறிவில் என்று திருப்பிக் கேட்பதே முறை.

அளக்கும் கருவி மிக எளிமையானது. 1975இல் தாமஸ் ஃபிரான்ஸ் 12 கரிமப் பொருள்களைக் கொண்டு, வெட்டியெடுத்த மனிதத் தோலில் கிடைத்த அளவுகள் உயிருள்ள மனிதரில் முன்னர் அளந்தவற்றோடு எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று ஆராய்ந்தார். அவர் பெயரால் வழங்கும் ஃபிரான்ஸ் கலத்தைத்தான் இன்றும் பெரும்பாலான ஆய்வகங்களில் காணலாம். கீழே ஒரு கண்ணாடி அறை; அதில் தோலைக் கடந்து வரும் மருந்தை வாங்கிக்கொள்ளும் ஏற்புத் திரவம் சில மில்லிலிட்டரும், அதைக் கலக்கிக்கொண்டேயிருக்கச் சிறு காந்தத் துண்டும் இருக்கும். அறையின் வாயில் தோலை விரித்து, மேலே இன்னொரு கண்ணாடி வளையத்தை வைத்துக் கிளிப்பால் இறுக்குவார்கள். தோலின் மேற்பரப்பு 32 டிகிரி செல்சியஸில் இருக்கும்படி சுற்றிலும் வெந்நீர் ஓடும். பூசிய பின், குறித்த நேரங்களில் பக்கக் குழாய் வழியாகச் சிறிதளவு திரவத்தை எடுத்து, எடுத்த அளவுக்குப் புதிய திரவத்தை நிரப்பி, எடுத்ததில் எவ்வளவு மருந்து வந்திருக்கிறது என்று அளப்பார்கள்.

கேட்க எளிதாக இருக்கும் இந்த வேலையில் முதலில் படுத்துவது காற்றுக் குமிழி. ஏற்புத் திரவத்தில் கரைந்திருக்கும் காற்று, சூடேறியதும் சிறு சிறு குமிழிகளாகப் பிரிந்து தோலின் அடியில் வந்து ஒட்டிக்கொள்ளும். குமிழி மறைத்த பரப்பில் மருந்து கீழே இறங்காது. நான் இந்த வேலையைக் கற்றுக்கொண்ட நாட்களில், ஆறாவது மணி நேரத்துக்குப் பிறகு ஒரு கலத்தில் மட்டும் மருந்தின் அளவைக் காட்டும் வரைபட வளைவு படுத்துவிட்டதைக் கண்டு, அந்தத் தோல் துண்டில் ஏதோ சிறப்பு இருக்கிறது என்று குறிப்பேட்டில் ஒரு பக்கம் எழுதி வைத்தேன். மறுநாள் கலத்தைச் சாய்த்துப் பார்த்தபோது, மிளகளவு குமிழி ஒன்று தோலின் அடியில் மெல்ல நகர்ந்தது. அன்றிலிருந்து, திரவத்தை முன்கூட்டியே காற்று நீக்கிவிட்டுப் பயன்படுத்துவதோடு, ஒவ்வொரு முறை மாதிரி எடுக்கும்போதும் கலத்தைச் சாய்த்துப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

இனி தோலுக்கு வருவோம். முதலிடம் வெட்டியெடுத்த மனிதத் தோலுக்கே. வயிற்றுச் சதைக் குறைப்பு, மார்பக அறுவை சிகிச்சை போன்றவற்றில் நீக்கப்படும் தோலைக் கொடையாளரின் ஒப்புதலோடு பெற்று, கொழுப்பை அகற்றி, டெர்மடோம் என்னும் கருவியால் 200 முதல் 400 மைக்ரோமீட்டர் தடிமனுக்குச் சீவிக்கொள்வார்கள். முழுத் தடிமனையும் அப்படியே பயன்படுத்தாததற்குக் காரணம் உண்டு. உடலில் மருந்து மேல்தோலை, அதாவது மேற்படையும் அதன் அடியிலுள்ள உயிருள்ள செல்களும் சேர்ந்த அடுக்கைக் கடந்த உடனேயே நுண்குழாய்களில் ஓடும் இரத்தம் அதை அள்ளிச் சென்றுவிடும். வெட்டியெடுத்த தோலில் இரத்த ஓட்டம் இல்லை. ஆகவே தடித்த அடித்தோலை விட்டுவைத்தால், குறிப்பாகக் கொழுப்பை நாடும் மருந்துகள், நீர் நிறைந்த அந்தப் பகுதியைக் கடக்க முடியாமல் தேங்கி, உண்மைக்குக் குறைவான அளவைக் காட்டும். இன்னொரு வழி, 60 டிகிரி செல்சியஸ் நீரில் ஓரிரு நிமிடம் தோலை அமிழ்த்தி மேல்தோலை மட்டும் உரித்தெடுப்பது. உரித்த மேல்தோல் ஈரமான வெங்காயச் சருகு போல இருக்கும். கையாளும்போது கிழிந்துவிட்டால் அன்றைய உழைப்பு வீண்.

பன்றியின் காதுத் தோல் இதற்கு அடுத்த நிலையில் வருகிறது. மேற்படையின் தடிமனும், கொழுப்புகளின் தன்மையும், மயிர்க்கால்களின் அடர்த்தியும் மனிதத் தோலுக்கு நெருக்கமாக இருப்பதால், பல மருந்துகளுக்கு அதில் கிடைக்கும் அளவுகள் மனிதத் தோலின் அளவுகளை ஒட்டியே வருகின்றன. உணவுக்காக வெட்டப்படும் விலங்கின் காது என்பதால், சோதனைக்கென்று தனியாக ஓர் உயிரைக் கொல்ல வேண்டியதும் இல்லை. ஆனால் ஓர் எச்சரிக்கை. இறைச்சிக் கூடங்களில் மயிரை நீக்குவதற்காக உடலை வெந்நீரில் தோய்ப்பார்கள். தோய்த்த பிறகு வாங்கிய காது பார்வைக்கு வெள்ளையாக, சுத்தமாக இருக்கும். சோதனைக்கு உதவாது, ஏனெனில் மேற்படை அடியிலிருந்து தளர்ந்திருக்கும். தோய்ப்பதற்கு முன் எடுத்த, அழுக்கும் மயிருமாக இருக்கும் காதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். எலித்தோல் மயிர்க்கால்கள் மிகுந்தது, மனிதத் தோலைவிடப் பெரும்பாலும் அதிகமாக மருந்தை விடுவது. அதிலிருந்து மனிதருக்குக் கணக்குப் போடுவதை நான் பரிந்துரைப்பதில்லை. பாம்பு கழற்றிய சட்டையில் மயிர்க்கால் கிடையாது, உயிருள்ள செல்லும் கிடையாது. ஒரே பாம்பிடமிருந்து மறுபடி மறுபடி மாதிரி கிடைக்கும் என்ற வசதிக்காக அதையும் பயன்படுத்தியவர்கள் உண்டு.

செயற்கைச் சவ்வுகளின் வேலை வேறு. சிலிக்கோன் ஏடு, செல்லுலோஸ் சவ்வு போன்றவற்றில், ஜெல்லிலிருந்து மருந்து எவ்வளவு வேகமாக வெளியே வருகிறது என்பதை மட்டும் பார்க்கலாம். அது வெளியீட்டுச் சோதனை. ஊடுருவல் சோதனை அல்ல. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1997இல் வெளியிட்ட வழிகாட்டி, களிம்பு, ஜெல் போன்ற அரைத்திண்ம மருந்துகளின் தயாரிப்பில் மாற்றம் செய்யும்போது இவ்வகை வெளியீட்டுச் சோதனையால் முன்னதையும் பின்னதையும் ஒப்பிட வழி செய்தது. ஸ்ட்ராட்-எம் போன்ற பல அடுக்குச் சவ்வுகளும், செராமைடை ஒத்த பொருள்களைத் தோய்த்துச் செய்த தட்டுகளும் ஒரு படி மேலே போய்த் தோலின் தடையைப் பாவனை செய்கின்றன. நாற்பது ஜெல்களில் எந்த ஐந்தை மேலே கொண்டு போவது என்று வடிகட்ட இவை போதும். நோயாளியின் உடலுக்குள் எவ்வளவு போகும் என்று சொல்லப் போதாது.

வளர்ப்புத் தோலின் கதையும் அதே 1975இல்தான் சூடு பிடித்தது. அந்த ஆண்டு ரைன்வால்டு, கிரீன் இருவரும் மேல்தோலை உருவாக்கும் மனிதக் கெரட்டினோசைட் செல்களைத் தட்டில் தொடர்ந்து பெருக்கும் முறையை வெளியிட்டனர். அப்படிப் பெருக்கிய செல்களை நுண்துளைச் சவ்வின்மேல் விதைத்து, அடிப்புறம் ஊட்டத் திரவத்திலும் மேற்புறம் காற்றிலும் இருக்குமாறு வைத்தால், செல்கள் மேலே காய்ந்த உலகம் இருப்பதை உணர்ந்து அடுக்கடுக்காகப் பிரிந்து, உச்சியில் ஒரு மேற்படையையும் உருவாக்குகின்றன. எபிஸ்கின், எபிடெர்ம் முதலியவை இப்படி வளர்த்துத் தயார்நிலையில் விற்கப்படுபவை. அடியில், அடித்தோலுக்குரிய ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் கலந்த கொலாஜனைச் சேர்த்தால் முழுத்தோல் மாதிரி கிடைக்கும். நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் இயற்கைத் தோல் என்றே சொல்லத் தோன்றும்.

மருந்தை மேலே வைத்ததும் வேறுபாடு தெரிந்துவிடும். ஜெர்மனியில் பல ஆய்வகங்கள் சேர்ந்து ஒன்பது பொருள்களை வைத்து நடத்தி 2008இல் வெளியிட்ட சரிபார்ப்பு ஆய்வில், வளர்ப்புத் தோல் மனித மேல்தோலையும் பன்றித் தோலையும்விட அதிகமாகப் பொருள்களை உள்ளே விட்டது. ஆனால் எந்தப் பொருள் அதிகம், எந்தப் பொருள் குறைவு என்ற வரிசை பெருமளவு மாறவில்லை. காரணம் சாந்தில் இருக்கிறது. வளர்ப்புத் தோலின் கொழுப்புகளில் சங்கிலி நீளம் குறைந்தவையும் நிறைவுறாதவையும் கூடுதலாக இருப்பதால், அவை இயற்கைத் தோலில் போல நெருக்கமாக அடுக்கிக்கொள்வதில்லை. வளர்ப்பு ஊடகத்தில் வைட்டமின் சி சேர்த்தபோது செராமைடுகளின் சேர்க்கை இயற்கைத் தோலை நோக்கி நகர்ந்தது என்பது 1990களில் கண்டறியப்பட்ட ஒரு நல்ல முன்னேற்றம். இருந்தும் இடைவெளி மூடவில்லை. மயிர்க்கால்களும் சுரப்பிகளும் இல்லாததால் அவ்வழியே நடக்கும் ஊடுருவலையும் இதில் பார்க்க முடியாது. போதாக்குறைக்கு, வளர்த்த கிண்ணத்தின் ஓரத்தில் திசு சரியாக ஒட்டாத இடத்தில் மருந்து கசிந்தால், அதையும் சேர்த்து ஊடுருவல் என்று எண்ணிவிடுவோம்.

பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் மேம்பாட்டு அமைப்பு 2004இல் வெளியிட்ட 428ஆம் சோதனை வழிகாட்டி வெட்டியெடுத்த தோலையே முதன்மையாகக் கொள்கிறது. வளர்ப்புத் தோலை அது முற்றாக ஒதுக்கிவிடவில்லை. ஒப்பீட்டுப் பொருள்களின் அளவுகள் ஏற்கெனவே வெளியான தரவுகளோடு ஒத்துப்போவதைக் காட்டினால் பயன்படுத்தலாம் என்கிறது. அதே அமைப்பின் 439ஆம் வழிகாட்டியோ, தோல் எரிச்சலைக் கண்டறிய வளர்ப்புத் தோலைத்தான் கேட்கிறது. முரண்பாடு போலத் தோன்றினாலும் இது சரியே. எரிச்சல் என்பது உயிருள்ள செல்கள் சாகின்றனவா என்ற கேள்வி. அதற்கு உறைய வைத்த தோல் பதில் சொல்லாது. மருந்து தோலுக்குள்ளேயே வேறு பொருளாக மாறுகிறதா என்ற கேள்வியும் அப்படித்தான். சொரியாசிஸுக்குப் பூசும் டாசரோட்டீன் என்னும் மருந்து, தோலில் உள்ள எஸ்டரேஸ் நொதிகளால் டாசரோட்டீனிக் அமிலமாக மாறிய பிறகே வேலை செய்கிறது. இப்படிப்பட்ட மருந்தை ஆராய நொதிகள் உயிர்ப்போடு இருக்கும் புதிய தோலோ வளர்ப்புத் தோலோ வேண்டும். மேற்படை உருவாகத் தேவையான ஃபிலாக்ரின் என்னும் புரதம் குறைந்த தோலையும் சொரியாசிஸ் போன்ற அழற்சி நிலையையும் செல்களைத் தூண்டி உருவாக்கிப் பார்க்க முடிவதும் வளர்ப்புத் தோலுக்கே உரிய பலம்.

மாதிரியைத் தேர்வதில் காட்டும் கவனத்தில் பாதியைக்கூடச் சோதனை அமைப்பில் காட்டாதவர்களே அதிகம் என்பது என் குறை. 2005இல் வெளியான ஓர் ஆய்வில் 18 ஆய்வகங்களுக்கு ஒரே வகைச் சிலிக்கோன் சவ்வையும், மெத்தில் பாராபென் என்னும் பதப்பொருளையும் கொடுத்து அளக்கச் சொன்னார்கள். உயிரியல் வேறுபாடு என்று சொல்லிக்கொள்ள அதில் எதுவுமே இல்லை. இருந்தும் ஆய்வகங்களுக்கு இடையேயான மாறுபாடு ஏறத்தாழ 35 விழுக்காடாக இருந்தது. மறுபக்கம், லேமன், ரேனி, ஃபிரான்ஸ் மூவரும் 2011இல், மனிதரில் அளந்ததையும் வெட்டியெடுத்த மனிதத் தோலில் அளந்ததையும் முப்பது பொருள்களுக்கு ஒப்பிட்டார்கள். உடற்பகுதி, அளவு, கரைப்பான், நேரம் போன்ற எல்லா நிபந்தனைகளும் இரு பக்கமும் ஒன்றாக இருந்த 11 தரவுத் தொகுப்புகளில் சராசரி விகிதம் 0.96 வந்தது, நிபந்தனைகள் பொருந்தாதவற்றையும் சேர்த்தபோது விகிதம் சில இடங்களில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது, சில இடங்களில் இருபது மடங்கை நெருங்கியது. ஃபிரான்ஸ் கலத்தில் இருக்கும் மனிதத் தோல் பொய் சொல்வதில்லை. நாம்தான் வேறு கேள்வியைக் கேட்டுவிட்டு அதைக் குறை சொல்கிறோம்.

அமைப்பில் கவனிக்க வேண்டியவற்றில் முதன்மையானது ஏற்புத் திரவம். நீரில் கரையாத மருந்துக்கு வெறும் உப்புத் தாங்கல் கரைசலை வைத்தால், திரவம் விரைவில் நிறைவை நெருங்கி, மருந்து இறங்குவது தானாகவே நின்றுவிடும். திரவத்தில் சேரும் மருந்து, அதில் கரையக்கூடிய உச்ச அளவின் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது வழக்கம். தேவையானால் அல்புமின் போன்றவற்றைச் சேர்க்கலாம். எத்தனாலைத் தாராளமாக ஊற்றுபவர்கள், அது அடியிலிருந்து மேலேறித் தோலின் தடையையே கெடுக்கக்கூடும் என்பதை மறந்துவிடுகிறார்கள். அடுத்தது பூசும் அளவு. நோயாளி மெல்லியதாகத்தான் தடவுகிறார். சதுர சென்டிமீட்டருக்குச் சில மில்லிகிராம்தான் வரும். கலத்தின் மேல் வளையம் நிரம்ப ஜெல்லைக் கொட்டினால் கரைப்பான் ஆவியாவதே இல்லை, தோலும் ஊறிப்போகிறது. அங்கே நடப்பது வேறொரு மருந்தின் கதை.

திரவத்தில் வந்ததை மட்டும் எண்ணுவதும் போதாது. 1963இலேயே விக்கர்ஸ் என்னும் ஆய்வாளர், பூசிய ஸ்டீராய்டு மேற்படையில் பல நாட்கள் தேங்கியிருப்பதைக் காட்டினார். அழற்சிக்குப் பூசும் மருந்துக்கு இலக்கு தோலே என்னும்போது, தோலைக் கடந்து கீழே விழுந்தது வீணானது என்றுகூடச் சொல்லலாம். ஆகவே சோதனை முடிந்ததும் மேலே மிச்சமிருப்பதைக் கழுவியெடுத்து, ஒட்டு நாடாவால் மேற்படையை அடுக்கடுக்காக உரித்து, மீதித் தோலையும் கரைத்து அளந்து, எல்லாவற்றையும் கூட்டினால் பூசிய அளவில் 90 முதல் 110 விழுக்காடு கணக்கில் வர வேண்டும். வராவிட்டால் வேறு எந்த எண்ணையும் நம்ப வேண்டாம்.

கலத்தில் கிடைத்த எண்ணை உடலுக்குக் கொண்டு போகும்போது இடத்தையும் பார்க்க வேண்டும். ஃபெல்டுமன், மைபாக் இருவரும் 1967இல் கதிரியக்கக் குறியிட்ட ஹைட்ரோகார்ட்டிசோனைக் கொண்டு அளந்தபோது, முன்கையின் உட்புறத்தோடு ஒப்பிட நெற்றியில் ஆறு மடங்கும், விதைப்பையில் 42 மடங்கும் உறிஞ்சப்பட்டது. உள்ளங்காலில் ஏழில் ஒரு பங்குதான். வயிற்றுத் தோலில் அளந்துவிட்டு முகத்துக் கிரீமுக்குப் பாதுகாப்பு எழுதுவது எவ்வளவு துணிச்சலான செயல் என்பது இதிலிருந்து புரியும்.

உங்கள் இரண்டு ஜெல்களுக்கு வருவோம். டைக்ளோஃபெனாக் தோலில் பெரிதாக உருமாறித்தான் வேலை செய்ய வேண்டும் என்ற நிலை இல்லாததால், வளர்ப்புத் தோலுக்குச் செலவு செய்ய வேண்டியதில்லை. முதலில் செயற்கைச் சவ்வில் இரண்டின் வெளியீட்டையும் பாருங்கள். பிறகு தோய்க்காத பன்றிக்காதில் ஊடுருவலைப் பாருங்கள். அங்கே வேறுபாடு தெளிவாகத் தெரிந்தால் மட்டும் மனிதத் தோலுக்குப் போகலாம். அப்போது நான்கு கொடையாளர்களின் தோலாவது வேண்டும். ஒவ்வொருவர் தோலிலும் இரண்டு ஜெல்களையும் பக்கத்துப் பக்கத்துக் கலங்களில், ஜெல்லுக்கு இரண்டு கலம் வீதமாவது வையுங்கள். ஒரு ஜெல்லை ஒருவர் தோலிலும் மற்றதை வேறொருவர் தோலிலும் வைத்தால், நீங்கள் ஒப்பிடுவது ஜெல்களை அல்ல, ஆட்களை. பூசுவதற்கு முன் ஒவ்வொரு துண்டிலும் நீராவி இழப்பையோ மின்தடையையோ அளந்து, சேதமானவற்றை அப்போதே ஒதுக்கிவிடுங்கள். முடிவு பிடிக்காதபோது பிறகு ஒதுக்குவது ஆய்வு ஆகாது. கலங்களின் எண்களைக் கொடையாளர் வாரியாகவே எழுதி வையுங்கள், ஏனென்றால் ஒருவர் தோலுக்கும் இன்னொருவர் தோலுக்கும் இடையேயான வேறுபாடு, உங்கள் இரு ஜெல்களுக்கு இடையேயான வேறுபாட்டை எளிதில் விழுங்கிவிடும்.